பதிவேட்டில் ஏறாத விரல்

அச்சுவேலிச் சந்தியைத் தாண்டி ஒரு ஒழுங்கைக்குள் திரும்பினால், ஆட்களைக் காண முதலே வட்டவாளின் சத்தம் காதைப் பிடித்துக்கொள்கிறது. மூன்று பக்கமும் திறந்த தகரக் கொட்டகை. நடுவே இரும்பு மேசை. மேசைப் பிளவுக்குள்ளால் வாளின் மேற்பாதி வெறுமையாக எழும்பி நிற்கிறது. வேப்பம் பலகை ஒன்றை ஒருவர் தள்ள, மற்றவர் மறு பக்கத்தில் இழுத்துக்கொண்டிருந்தார். முன்னால் நின்றவருக்கு ஐம்பது வயது தாண்டியிருக்கும். பலகை முடிகிற கடைசிச் சாண் தூரத்தில் அவருடைய இடது கை வாளுக்குக் கிட்டப் போவதைப் பார்க்க எனக்கு வயிற்றைக் கலக்கியது. அந்தக் கையில் சுட்டுவிரல் பாதிதான் இருந்தது.

வேலைத்தலத்தில் தொழிலாளிக்கு உள்ள உரிமை என்ன, முதலாளிக்கு உள்ள கடமை என்ன என்று கொழும்பில் மண்டபம் எடுத்துப் பேசுகிறார்கள். அந்தப் பேச்சு அச்சுவேலிப் பட்டறைகளுக்குள் எவ்வளவு தூரம் வந்து சேர்ந்திருக்கிறது என்று பார்க்கத்தான் போனேன். பெயர் போடுவதில்லை என்று சொன்ன பிறகே உள்ளே விட்டார்கள். ஆகவே இதில் எந்தப் பட்டறையின் பெயரும் வராது, எந்த மனிதரின் பெயரும் வராது.

வாளுக்கு மூடி இல்லையா என்று முதலாளியைக் கேட்டேன்.

"வாங்கேக்கை மூடி வந்தது அண்ணை. அதைப் பூட்டினால் மொத்த மரம் ஏறாது. வேலை நிண்டுபோம். கழற்றி அங்கை வைச்சிருக்கு."

அவர் காட்டிய மூலையில், மரத்தூளுக்கடியில் ஏதோ கிடந்தது. மூடி மட்டுமல்ல, வாளுக்குப் பின்னால் நிற்க வேண்டிய இரும்புத் தகடும் அங்கேதான் கிடந்தது. அரிந்த மரம் திரும்பவும் நெருங்கி வாளைக் கவ்வாமல் பிரித்து வைப்பது அந்தத் தகடு. அது இல்லாவிட்டால், சில நேரம் மரம் வாளில் இறுகி, தள்ளுகிறவனின் நெஞ்சுக்கு நேரே திரும்பி எறியப்படும். கை வாளுக்குக் கிட்டப் போகாமல் இருக்க நீளத் தடி ஒன்றால் தள்ள வேண்டும். அதற்கு வேண்டியது ஒரு துண்டு மரம்தான். மரப்பட்டறையில் மரத்துண்டுக்கா பஞ்சம்?

விரல் போன கதையை அந்தத் தொழிலாளியே சொன்னார், ஏதோ பக்கத்து வீட்டுக் கதை சொல்வதுபோல. "கவனம் பிசகினது என்ரை பிழைதான். முதலாளி நல்ல மனுசன். அவர்தான் தன்ரை வானிலை ஏத்திக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினவர். வேலைக்கு வர ஏலாத காலம் முழுக்க வீட்டுக்குச் சாமான் வந்தது."

முதலாளி நல்ல மனிதர் என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. இரண்டு பேரும் ஒரே கோயில் திருவிழாவுக்கு வடம் பிடிப்பவர்கள். காயம்பட்டவரின் மகளின் கலியாணத்துக்கு மேசை, கதிரை, அலுமாரி எல்லாம் இந்தப் பட்டறையில் இருந்தே போயிருக்கின்றன. ஆனால் நான் கேட்ட அடுத்த கேள்விக்கு இரண்டு பேரிடமும் பதில் இல்லை. அந்த விபத்து எங்கேயாவது பதியப்பட்டதா? ஆஸ்பத்திரித் துண்டைத் தவிர, ஒரு தாளிலாவது அந்த விரல் இருக்கிறதா?

இல்லை. சட்டத்தின் கண்ணுக்கு அந்த விபத்து நடக்கவேயில்லை.

இலங்கையில் இந்த விடயத்துக்கான அடிப்படைச் சட்டம் 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம். பிரித்தானியரின் 1937ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பெரிதும் தழுவி எழுதப்பட்டது. தொழிற்சாலை என்றதும் நமக்குப் புகைபோக்கியும் சங்கும் ஞாபகத்துக்கு வரும். சட்டத்துக்கு அதெல்லாம் தேவையில்லை. வருமானத்துக்காக ஒரு பொருளைச் செய்யவோ திருத்தவோ மாற்றவோ கூலிக்கு ஆள் வைத்துக் கைவேலை செய்யும் இடம் என்றால் போதும். இந்தியாவில் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் மின்சாரம் பயன்படுத்தும் இடத்துக்கு 10 பேர், பயன்படுத்தாத இடத்துக்கு 20 பேர் என்று கோடு போட்டது. 2020ஆம் ஆண்டுத் தொகுப்புச் சட்டம் அதை 20, 40 என்று இன்னும் உயர்த்திவிட்டது. அப்படியான தலைக்கணக்குக் கோடு நமது சட்டத்தில் இல்லை. ஆகவே "இது சின்னப் பட்டறை, எங்களுக்குச் சட்டம் இல்லை" என்று அச்சுவேலியில் நான் பல வாயில் கேட்ட வாசகம் பிழையானது. இந்த ஒழுங்கைத் தகரக் கொட்டகையும் சட்டப்படி தொழிற்சாலைதான்.

அந்தச் சட்டத்தின்படி இயந்திரத்தின் ஆபத்தான பகுதி ஒவ்வொன்றும் பாதுகாப்பாக அடைக்கப்பட்டிருக்க வேண்டும். அடைத்தால் வேலை ஓடாது என்றால்? இந்தக் கேள்விக்கு 1955இலேயே பதில் சொல்லியாயிற்று. இங்கிலாந்தில் ஒரு தொழிலாளியின் பெருவிரல் சாணைச் சக்கரத்தில் அகப்பட்டது. சக்கரத்தை முழுதாக மூடினால் அதில் எதையும் தீட்ட முடியாதே என்று கொம்பனி வாதாடியது. வழக்கு பிரபுக்கள் சபை வரை போனது. மூட வேண்டும் என்பது கட்டாயம், மூடினால் இயந்திரம் பயன்படாது என்பது ஒரு சாட்டு அல்ல என்று தீர்ப்பு வந்தது. நமது சட்டத்துக்கு மூலமாக இருந்த அதே வாசகத்துக்குச் சொல்லப்பட்ட பொருள் அது. என் முன்னால் நின்ற முதலாளி அந்தக் கொம்பனியின் வாதத்தையே எழுபது வருடம் கழித்து அச்சுவேலித் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தார்.

அடுத்தது அறிவித்தல். தொழிற்சாலையில் விபத்து நடந்து ஒருவர் இறந்தாலோ, மூன்று நாளுக்கு மேல் தன் வழக்கமான வேலையைச் செய்து முழுச்சம்பளம் உழைக்க முடியாமல் போனாலோ, தொழில் திணைக்களத்தின் தொழிற்சாலைப் பரிசோதனைப் பொறியியலாளருக்கு முதலாளி உடனே எழுத்தில் அறிவிக்க வேண்டும். அறிவிக்க வேண்டியவர் முதலாளி; காயம்பட்டவர் அல்ல. விரல் போனவர் எப்படியும் மூன்று நாளில் வேலைக்கு வந்திருக்க மாட்டார்.

மூன்றாவது நட்டஈடு. வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கம். நம்முடைய அப்புமார் காலத்துச் சட்டம். வேலை காரணமாக, வேலை நேரத்தில் நேர்ந்த விபத்தால் உடலுக்கு இழப்பு வந்தால், யாருடைய கவனக்குறைவு என்று தராசு பிடிக்காமல் முதலாளி நட்டஈடு கட்ட வேண்டும் என்பது அதன் அடிப்படை. "என்ரை பிழைதான்" என்று அந்த மனிதர் சொன்னாரே, அந்தப் பிழை அவருடைய உரிமையை எடுத்துவிடாது. குடித்திருந்தது, சொன்ன பாதுகாப்பு விதியை வேண்டுமென்றே மீறியது, காவலைத் தெரிந்தே தானாகக் கழற்றியது போன்ற சில விலக்குகள் உண்டு. இங்கே காவலைக் கழற்றி மூலையில் போட்டது முதலாளி. 2022இல் வந்த திருத்தம் உச்ச நட்டஈட்டை 5,50,000 ரூபாயில் இருந்து 20 இலட்சம் ரூபாயாக உயர்த்தியது. வேலைக்கு வரும் வழியிலும் வீடு திரும்பும் வழியிலும் நேரும் விபத்தையும் உள்ளே சேர்த்தது. பருத்தித்துறை வீதியில் விடிய வெள்ளன மோட்டார் சைக்கிளில் வேலைக்கு ஓடுகிறவர்களுக்கு இது சின்ன விடயமில்லை. இந்தத் திருத்தத்தைப் பற்றி நான் கேட்ட ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை, முதலாளிமார் உட்பட.

வீட்டுக்குப் போன அரிசி, மா, சீனியை நான் குறைத்துச் சொல்லவில்லை. அந்த மனிதாபிமானம் இல்லாத ஊர்களும் இருக்கின்றன. ஆனால் அரிசி முடிந்த பிறகும் விரல் இல்லாத கை இருக்கும். முதலாளி செத்துப்போய் மகன் பட்டறையை விற்றுவிட்டால், அந்தக் கைக்கு யார் பொறுப்பு? கொடுக்கிறவர் மனம் மாறலாம், கொடுக்க இயலாமலும் போகலாம். இன்னொரு பக்கமும் இருக்கிறது. விபத்து பதியப்பட்டால்தான் பொறியியலாளர் வந்து இயந்திரத்தைப் பார்ப்பார்; பார்த்தால்தான் மூடி திரும்பப் பூட்டுப்படும். சாமான் அனுப்பியதோடு கதை முடிந்தபடியால், அதே வாள் அதே வெறுமையோடு, இப்போது அடுத்தவரின் கைக்கும் முன்னால் சுற்றிக்கொண்டிருக்கிறது. மறு பக்கத்தில் பலகையை இழுத்துக்கொண்டு நின்ற பெடியனுக்கு இருபது வயதுகூட இராது.

கையுறை பற்றி ஒரு வார்த்தை. போன இடமெல்லாம் பாதுகாப்பு என்று வாய் திறந்தவுடன், "கிளவுஸ் வாங்கிக் குடுத்திருக்கு, உவங்கள் போடுறானுகள் இல்லை" என்ற பதில்தான் வந்தது. முதலாளியின் கடமை ஒரு சோடிக் கையுறையோடு முடிந்துவிட்டது, மிச்சம் தொழிலாளியின் திமிர் என்று அர்த்தம். சுற்றுகிற வாளுக்கும் துளைபொறிக்கும் முன்னால் கையுறை போடுவது ஆபத்து. பல் நூலைக் கவ்வினால் விரலோடு போகிற காயம் மணிக்கட்டு வரை போய்விடும். முதலில் ஆபத்தையே இல்லாமல் செய்வது, முடியாவிட்டால் இயந்திரத்தை அடைப்பது, பிறகு வேலை முறையை மாற்றுவது, இதெல்லாம் செய்தும் மிஞ்சுகிற ஆபத்துக்குத்தான் கையுறை, முகமூடி, கண்ணாடி. உலகம் முழுக்கப் பாதுகாப்புப் பொறியியல் இந்த வரிசையில்தான் போகிறது. நம்முடைய பட்டறைகள் கடைசிப்படியில் ஏறி நின்றுகொண்டு முதற்படி எங்கே என்று கேட்கின்றன.

அச்சுவேலிக் கைத்தொழில் பேட்டைக்குள் நுழைந்தபோது வேறு காட்சி. எழுபதுகளில் தொடங்கிய பேட்டை இது. குடாநாட்டுக்குச் சொந்தக் கைத்தொழில் வேண்டும் என்ற கனவு காங்கேசன்துறைச் சீமெந்து ஆலையோடு நின்றுவிடவில்லை என்பதற்கு ஒரு சாட்சி. போர் அதை முடக்கிப் போட்டது. கட்டடங்கள் இடிந்து, வளவு பற்றைக்காடானது. இந்திய அரசின் நிதியுதவியோடு திருத்தப்பட்டு 2014இல் மீளத் திறந்தார்கள். உள் வீதிகள் அகலமானவை. ஒழுங்கைப் பட்டறைகளில் இருந்து வந்தவனுக்கு இங்கே மூச்சு விட இடமிருப்பதே பெரிதாகத் தெரிந்தது.

நான் பார்த்த ஒரு தொழிலகத்தில் இயந்திரங்களின் பட்டிகள் எல்லாம் வலையடைப்புக்குள் இருந்தன. சிவப்பு நிறத்தில் அவசர நிறுத்தப் பொத்தான், கைக்கெட்டும் தூரத்தில். முதலுதவிப் பெட்டியைத் திறக்கச் சொன்னேன். திறந்தார்கள், உள்ளே மருந்து இருந்தது. இதைச் சொல்வதற்குக் காரணம், வேறோர் இடத்தில் முதலுதவிப் பெட்டிக்குள் மின்கட்டணப் பற்றுச்சீட்டுகள் இருந்தன. மேற்பார்வையாளர் ஒரு பதிவேட்டைக் கொண்டுவந்து காட்டினார். சின்னக் கீறல்கள்கூடத் திகதியோடு எழுதப்பட்டிருந்தன. "கொழும்புக் கொம்பனியளுக்குச் சாமான் குடுக்கிறம் சேர். அவையின்ரை ஆக்கள் வந்து பாப்பினம். அதாலை எல்லாம் சரியா வைச்சிருக்கிறம்" என்றார். ஒளிவுமறைவில்லாத பேச்சு. சட்டம் சாதிக்காததை வாங்குகிறவன் சாதித்திருக்கிறான்.

அங்கேயும் குறை இல்லாமல் இல்லை. பின்பக்கக் கதவுக்கு முன்னால் மூட்டைகள் முகடு வரை அடுக்கியிருந்தன. தீப்பிடித்தால் எதனால் வெளியேறுவீர்கள் என்று கேட்க, முன்பக்கத்தைக் காட்டினார்கள். தீ முன்பக்கத்தில் பிடித்தால் என்று நான் திரும்பக் கேட்கவில்லை. மூட்டையை இறக்கச் சொல்லி அவரே ஆளைக் கூப்பிட்டார். இன்னொன்று, இயந்திரத்தில் ஒட்டியிருந்த எச்சரிக்கை வாசகம் சீன மொழியில் இருந்தது. மஞ்சள் முக்கோணத்துக்குள் நசிபடுகிற கை ஒன்றின் படம் மட்டும் நமக்கும் விளங்கும்.

மிளகாய்த்தூள் அரைக்கிற ஆலையில் பெண்கள்தான் அதிகம். உள்ளே போனவுடன் எனக்குத் தும்மல் அடங்கவில்லை, அவர்கள் சிரித்தார்கள். மூக்கையும் வாயையும் சேர்த்துப் பழைய துணியால் கட்டியிருந்தார்கள். துணி தும்மலைக் குறைக்கும், தூளைத் தடுக்காது. சுற்றும் பட்டிக்குக் கிட்ட நின்ற ஒரு அக்காவின் பின்னல் இடுப்புக்குக் கீழே தொங்கியது. பட்டியும் தலைமயிரும் சேர்ந்தால் என்னவாகும் என்று நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. "முடிஞ்சுதான் விடுறனான் தம்பி, இண்டைக்கு அவசரம்" என்றார். அவர்களிடம் இருந்த முதல் முறைப்பாடு இயந்திரம் பற்றியதல்ல, கழிப்பறை பற்றியது. இருக்கிற ஒன்றுக்குத் தாழ்ப்பாள் இல்லை. காலையில் இருந்து தண்ணீர் குடிக்காமல் சமாளிப்பதாக ஒரு பிள்ளை சொன்னாள். குடிதண்ணீரும் தனியான கழிப்பறை வசதியும் அதே 1942ஆம் ஆண்டுச் சட்டத்தில் முதலாளியின் கடமையாக எழுதப்பட்டிருப்பவை.

வெல்டிங் பட்டறையில் அதிக நேரம் நிற்கவில்லை. அங்கே கண்டவை எல்லோரும் அறிந்தவை: கறுப்புக் கண்ணாடி இல்லாமல் ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஒட்டுவது, இரவில் கண்ணுக்குள் மண் கொட்டியது போல எரிவது, உருளைக்கிழங்கைச் சீவிக் கண்ணில் வைத்துக்கொண்டு படுப்பது. அறியாத ஒன்றை மட்டும் சொல்கிறேன். நாலரை அங்குலக் கிறைண்டர் நிமிடத்துக்கு 11,000 சுற்று என்ற அளவில் ஓடும். அதன் காவலைக் கழற்றிவிட்டு ஏழு அங்குலத் தட்டைப் பூட்டியிருந்தார்கள். அந்தத் தட்டு தாங்கக்கூடிய வேகம் 8,500 சுற்று அளவுதான். தட்டிலேயே அது அச்சிடப்பட்டிருக்கிறது. தாங்காமல் வெடித்தால் துண்டு எந்தப் பக்கம் பறக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. தடுக்க வேண்டிய காவல் நிலத்தில் கிடக்கிறது. அதைப் பிடித்திருந்தவனுக்கு என்ன வயது என்று கேட்டேன். "ஓ.எல். எடுத்திட்டு நிக்கிறான்" என்று பதில் வந்தது. இலங்கையில் வேலைக்கு அமர்த்தும் குறைந்த வயது 2021இல் இருந்து 16. ஆனால் 18 வயதுக்குக் குறைந்தவரை ஆபத்தான தொழிலில் ஈடுபடுத்தக் கூடாது. தொழில் பழகுகிறான் என்று சொன்னால் தட்டு மெதுவாகச் சுற்றப்போவதில்லை.

சீமெந்துக் கல் அரிகிற வளவுக்கு மத்தியானத்துக்குப் பிறகு போனேன். விபத்தைப் பற்றி எல்லோருக்கும் ஒரு கதை இருந்தது. இங்கே இருந்த ஆபத்தைப் பற்றி ஒருவருக்கும் கதை இல்லை. அது உடனே இரத்தம் காட்டாது. சர்வதேச தொழில் அமைப்பின் 2023ஆம் ஆண்டுக் கணிப்பு, உலகில் வேலை காரணமாக ஆண்டுக்கு 29 இலட்சத்துக்கு மேற்பட்டோர் இறக்கிறார்கள் என்கிறது. அதில் விபத்தில் இறப்போர் 3,30,000 அளவு. மற்றவர்கள் எல்லோரும் நோயில் போகிறார்கள். வேலையை விட்டுப் பல வருடம் கழித்து, வீட்டுக் கட்டிலில் இருமி இருமி இறப்பவரை யாரும் வேலைத்தல மரணம் என்று கணக்கெடுப்பதில்லை.

யாழ்ப்பாணத்தில் தூசி என்றால் வெள்ளைத் தூசிதான் ஞாபகம் வரும். நம்முடைய நிலமே சுண்ணாம்புக்கல். அந்தத் தூசியும் நல்லதல்ல, ஆனால் நுரையீரலைக் கல்லாக்குகிற படிகச் சிலிக்கா அதில் குறைவு. அது மணலிலும் கருங்கல்லிலும் இருக்கிறது. அந்த இரண்டும் வன்னியில் இருந்து டிப்பரில் வந்து இந்த வளவுகளில் கொட்டப்படுகின்றன. உலர் கலவையைக் கொட்டும்போதும், உலர்ந்த கல்லைக் கிறைண்டரால் அறுக்கும்போதும், கண்ணுக்குத் தெரிகிற தூசி அல்ல, தெரியாத நுண்தூசிதான் நுரையீரலின் அடி வரை போகிறது. சிலிக்கோசிஸ் வந்தபின் அதை மாற்ற மருந்தில்லை. நம்முடைய ஆட்கள் பலர் குடியேறியிருக்கும் அவுஸ்திரேலியாவில், சமையலறை மேடைக்குப் போடும் செயற்கைக் கல்லை வெட்டிய இளந்தொழிலாளர் இந்த நோயில் விழுந்ததால், 2024 யூலை 1 முதல் அந்தக் கல்லையே தடைசெய்துவிட்டார்கள். முகமூடி போடச் சொல்லிவிட்டுக் கையைக் கழுவவில்லை. ஆபத்தை வாசலிலேயே நிறுத்தினார்கள்.

இங்கே தடை எதுவும் தேவையில்லை. அறுக்கிற இடத்தில் ஒரு குழாயால் தண்ணீர் சொட்டினால் தூசியில் பெரும்பகுதி சேறாகி நிலத்தில் விழும். அந்த வளவில் குழாய்க்கிணறு இருந்தது, தொட்டி இருந்தது, ரியூப்பும் இருந்தது. கற்களை நனைக்க விடிய விடியத் தண்ணீர் விடுகிறார்கள், இல்லாவிட்டால் கல் வெடித்துவிடுமாம். அறுக்கிறவனின் நெஞ்சுக்காக அதே ரியூப்பை இருபது அடி தள்ளி இழுத்துவர இதுவரை யாருக்கும் தோன்றவில்லை. சொன்னபோது அந்த முதலாளி மறுக்கவில்லை. "இதை ஒருத்தரும் சொல்லேல்லையே" என்றார். தண்ணீரும் மின் கருவியும் ஒரே இடத்தில் சேர்ந்தால் மின்னதிர்ச்சிப் பயம் உண்டு. 30 மில்லி அம்பியரில் விழுகிற ட்ரிப் சுவிச் கட்டாயம் வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொன்னேன்.

கிணறு பற்றியும் இங்கே எழுதத்தான் வேண்டும். வறண்ட காலத்தில் கிணறு இறைத்துத் துப்புரவாக்குவது குடாநாட்டில் வழக்கமான கூலிவேலை. நீர்மட்டம் ஆழமானால் மண்ணெண்ணெய் பம்பியைக் கிணற்றுக்குள்ளேயே இறக்கி ஓடவிடுவார்கள். அதன் புகையில் உள்ள காபனோரொட்சைட்டுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. பம்பியை நிற்பாட்டி நீண்ட நேரம் ஆன பிறகும் அடியில் நிற்கும். முதலில் இறங்கியவர் மயங்கி விழுவார். அவரைத் தூக்க இரண்டாமவர் இறங்குவார். பிறகு மூன்றாமவர். ஹொறணை பெல்லப்பிட்டியவில் 2018 ஏப்ரலில் நடந்ததும் அச்சொட்டாக இதுதான். இறப்பர்த் தொழிற்சாலை ஒன்றின் அமோனியாத் தொட்டிக்குள் ஒரு தொழிலாளி விழுந்தார்; காப்பாற்றப் போனவர்களோடு சேர்த்து ஐந்து உயிர் போனது. மூடிய குழிக்குள் காப்பாற்ற இறங்குகிற நல்ல மனசே கொல்லும். பம்பி மேலே இருக்க வேண்டும். இறங்குகிறவரின் உடம்பில் கயிறு கட்டி, இழுக்க மேலே ஆட்கள் நிற்க வேண்டும். அது இல்லாமல் இறங்கச் சொன்னால், இறங்கமாட்டேன் என்று சொல்ல வேண்டும். உயிராபத்து கண் முன்னால் தெரிகிற வேலையை விட்டு விலகுகிறவரைத் தண்டிக்கக் கூடாது என்பது சர்வதேச தொழில் அமைப்பின் 1981ஆம் ஆண்டின் 155ஆம் சமவாயத்தில் இருக்கும் உறுப்புரை. 2022இல் இருந்து அந்தச் சமவாயத்தை அடிப்படைச் சமவாயங்களில் ஒன்றாகவே எண்ணுகிறார்கள்.

பட்டறைகளுக்கு வெளியே, தோட்டக் கரைகளில் புகையிலை நின்றது. பனி ஈரத்தோடு இலை முறித்த பிறகு தலைச்சுற்றும் சத்தியும் வருவதாக ஒரு கூலிப்பெண் சொன்னார். பித்தம் என்று தேசிக்காய்த் தண்ணீர் குடிப்பார்களாம். ஈர இலையில் இருந்து நிக்கொட்டின் தோல் வழியே உள்ளே போவதால் வருகிற நஞ்சு அது. கைகளை மூடி, இலை உலர்ந்த பிறகு முறித்தால் பெருமளவு குறையும். ஆனால் தொழிற்சாலைகள் சட்டம் தோட்டத்து வேலியைத் தாண்டி உள்ளே வராது. எல்லா வேலைத்தலங்களையும் உள்ளடக்கும் புதிய சட்டம் ஒன்று பற்றிப் பல வருடங்களாகப் பேசுகிறார்கள். 2009இல் ஒரு சட்டத்தால் தேசிய தொழிற்பாதுகாப்பு, சுகாதார நிறுவனத்தையும் அமைத்தார்கள். புதிய சட்டம் எப்போது வருமோ தெரியாது; இலை முறிக்கிற அந்தப் பெண்ணுக்கு இன்னும் எட்டு மாதத்தில் அடுத்த போகம் வந்துவிடும்.

ஏன் ஒருவரும் முறையிடுவதில்லை என்று கேட்டுக்கொண்டே திரிந்தேன். பயம் என்பதைவிட முகத்தாட்சணை என்பதே பொருந்தும். முதலாளி சொந்தக்காரன், அல்லது ஊர்க்காரன், அல்லது வெளிநாட்டில் இருக்கிற அண்ணனின் நண்பன். "லேபர் ஒப்பீசுக்குப் போனால் நாளைக்கு ஆர் வேலை தருவினம்?" என்று ஒருவர் கேட்டார். பெரும்பாலானோருக்கு ஊழியர் சேமலாப நிதியும் கட்டப்படவில்லை. அப்படியென்றால் அவர்கள் அங்கே வேலை செய்வதற்கே எழுத்தில் சாட்சி இல்லை. இது வெறும் சேமிப்பு விடயம் என்று நினைக்கக் கூடாது. நட்டஈடு சம்பளத்தை வைத்துக் கணக்கிடப்படுவது. சம்பளப் பதிவு இல்லாதவருக்கு விபத்து நடந்த பிறகு தன் சம்பளத்தையே நிரூபிக்க வேண்டி வரும்.

முறையிடுகிறவரின் பெயரைப் பரிசோதகர் வெளியே விடக் கூடாது என்பது இலங்கை 1956இலேயே ஏற்றுக்கொண்ட தொழிற் பரிசோதனைச் சமவாயத்தின் நிபந்தனை. பரிசோதனைக்கு வந்தது முறைப்பாட்டால்தான் என்பதைக்கூட முதலாளிக்குச் சொல்லக் கூடாது. நான்கு பேர் வேலை செய்யும் பட்டறையில் யார் சொன்னது என்று கண்டுபிடிக்க எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அதனால்தான் முறைப்பாட்டுக்குக் காத்திராமல் ஒழுங்கை ஒழுங்கையாகப் பரிசோதகர் வர வேண்டும் என்கிறேன். அச்சுவேலிப் பட்டறைகளை இரண்டு நாளில் நடந்தே பார்த்து முடிக்கலாம்.

அதுவரைக்கும் தொழிலாளர்களுக்கு ஒரு சொல். காயம் பட்டால் ஆஸ்பத்திரியில் "வீட்டில் வெட்டுப்பட்டது" என்று சொல்லாதீர்கள். எங்கே, எந்த வேலையில், எந்த நேரத்தில் என்று துண்டில் எழுதுவியுங்கள். அந்தத் துண்டையும், பக்கத்தில் நின்று பார்த்தவரின் பெயரையும், இயந்திரத்தின் படம் ஒன்றையும் வைத்துக்கொண்டு யாழ்ப்பாணத் தொழில் அலுவலகத்துக்குத் தாமதிக்காமல் போங்கள். நாட்கூலி என்பதற்காகத் திருப்பி அனுப்ப முடியாது. காசைத் தந்து, "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று தாளில் கையெழுத்து வாங்கியிருந்தாலும் பயப்பட வேண்டாம்: நட்டஈட்டு உரிமையை விட்டுக்கொடுப்பதாகத் தொழிலாளி எழுதிக் கொடுக்கும் ஒப்பந்தம் சட்டத்தின் முன் செல்லாது.